ஆரம்ப சூரத்தனமா?

நம் வீடுகளில் 'ஆரம்ப சூரத்தனம்' என்று ஒரு வார்த்தை அடிக்கடி அடிபடும். தை பிறந்ததும் பையன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிப்பான். புதிதாக வந்த மருமகள் முதல் வாரம் தினம் ஒரு தேர்க் கோலம் போடுவாள். "எல்லாம் ஆரம்ப சூரத்தனம்! ஒரு மாசம் போகட்டும், பார்க்கலாம்" என்று ஊஞ்சலிலிருந்து பாட்டியின் குரல் கேட்கும். பெரும்பாலும் பாட்டி சொன்னபடிதான் நடக்கிறது. எப்போதாவது ஒரு தடவை பாட்டியும் தோற்றுப் போவது உண்டு.

2017-ஆம் வருஷம் அமெரிக்காவிலும் கானடாவிலும் இருந்த அத்தனை விளையாட்டு நிபுணர்களும் ஒரே குரலில் பாட்டி ஸ்தானம் வகித்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டது ஒரு புது ஹாக்கி கோஷ்டியைப் பற்றி. அந்தக் கோஷ்டி பிறந்த இடமோ, தண்ணீருக்கே பஞ்சமான பாலைவனத்தின் நடுவில் இருக்கும் லாஸ் வேகாஸ் நகரம்.

ஹாக்கி என்றதும் தியான் சந்தும் பச்சைப் புல் மைதானமும் உங்கள் நினைவுக்கு வந்தால், சற்றுப் பொறுங்கள். இது வேறு ஹாக்கி. பனிக்கட்டித் தரையில், காலில் சறுக்கு ஜோடு மாட்டிக் கொண்டு, பக்கத்துக்கு ஆறு பேர் ஆடுவது. பந்து கிடையாது, கறுப்பு ரப்பர் வில்லை ஒன்றுதான். கோல் கீப்பர் தவிர மற்றவர்கள் ஒரு நிமிஷம்கூடத் தொடர்ந்து ஆடுவதில்லை. மூச்சு வாங்க வந்து பெஞ்சியில் உட்கார, அடுத்த ஜதை வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே போகும். இதற்கென்று வட அமெரிக்காவில் தேசிய ஹாக்கி லீக் இருக்கிறது. அதில் ஜயிக்கிறவர்களுக்கு ஸ்டான்லி கோப்பை. 1893-லிருந்து கொடுத்து வருகிறார்கள்.

அந்த லீகில் 30 கோஷ்டிகள் இருந்தன. 31-வதாகச் சேர பில் ஃபோலி என்ற பணக்காரர் 50 கோடி டாலர் கட்டணம் கட்டினார். கோஷ்டிக்கு 'வேகாஸ் கோல்டன் நைட்ஸ்', அதாவது பொன் வீரர்கள் என்று பெயர் வைத்தார். மூன்று வருஷத்தில் பிளே-ஆஃப் சுற்று, ஆறு வருஷத்தில் கோப்பை என்றும் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதிகளுக்குப் பஞ்சமில்லை அல்லவா? சொந்த ஊர்க் கோஷ்டி கோப்பை வாங்கும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு ஐந்நூறு தருவதாக அங்கேயே ஒரு விடுதி அறிவித்தது!

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. புதுக் கோஷ்டிகளின் பூர்வ கதை அப்படி. 1974-ல் ஆட வந்த வாஷிங்டன் காபிடல்ஸ் முதல் வருஷம் 80 ஆட்டங்களில் எட்டுத்தான் ஜயித்தது. வெளியூரில் ஆடிய நாற்பதில் ஒரே ஒரு வெற்றி. அந்த ஒரு வெற்றி கிடைத்த ராத்திரி ஆட்டக்காரர்கள் ஒரு குப்பைத் தொட்டியைக் கோப்பை மாதிரித் தூக்கிக் கொண்டு கூத்தாடினார்களாம். இந்த வாஷிங்டனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், மறுபடி வரும்.

புதுக் கோஷ்டிக்கு ஆட்கள் எங்கிருந்து கிடைப்பார்கள்? அதற்கு ஒரு சடங்கு உண்டு. பழைய கோஷ்டிகள் ஒவ்வொன்றும் தனக்கு அவசியமானவர்கள் என்று ஒன்பது அல்லது பதினோரு பேர் பெயர் எழுதிப் பூட்டி வைத்துக் கொள்ளலாம். மிச்சம் இருப்பவர்களில் ஒருவரை வேகாஸ் எடுத்துக் கொள்ளும். முப்பது வீடுகளிலிருந்து, வீட்டுக்கு ஒருவர். ஆக, வந்த ஒவ்வொருவரும் 'நீ போனால் பரவாயில்லை' என்று சொந்த வீட்டாரால் சொல்லப்பட்டவர். 

இங்கேதான் வேகாஸின் மானேஜர் ஜார்ஜ் மக்ஃபீ சாமர்த்தியம் காட்டினார். "எங்கள் வீட்டில் இன்னாரைத் தொடாதீர்கள், வேறு ஒருவரை எடுத்துக் கொண்டால் கூடவே இதையும் தருகிறோம்" என்று பல கோஷ்டிகள் பேரம் பேச வந்தன. பழைய பித்தளை அண்டாவை எடுத்துப் போகச் சொல்லி, கூலியாக வெள்ளிக் கும்பாவையும் கொடுத்த கதைதான். பிளாரிடாக்காரர்கள் முந்தின வருஷம் 30 கோல் போட்ட ஜோனதன் மார்ஷெஸோவை எடுத்துக் கொள்ள விட்டார்கள். அதோடு ரைலி ஸ்மித் என்ற இன்னொருவரையும் ஏறக்குறையத் தானமாகக் கொடுத்தார்கள். அனஹைமிலிருந்து ஷே தியடோர் என்ற வாலிபர் இப்படித்தான் வந்தார். கொலம்பஸ்காரர்கள் வில்லியம் கார்ல்ஸனை அனுப்பினார்கள். முந்தின வருஷம் அவர் போட்டது ஆறே கோல்.

எல்லோரிலும் பிரபலமானவர் கோல் கீப்பர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி. அவர் பெயருக்குப் பிரெஞ்சில் பூவின் சம்பந்தம் இருப்பதால் தோழர்கள் 'பூ' என்றே கூப்பிடுவார்கள். எப்போதும் சிரித்த முகம். ரப்பர் வில்லை கம்பத்தில் பட்டுத் திரும்பினால், "நல்ல பிள்ளை" என்கிற மாதிரி அந்தக் கம்பத்தைத் தட்டிக் கொடுப்பார். பிட்ஸ்பர்க்கில் பதின்மூன்று வருஷம் ஆடி, மூன்று ஸ்டான்லி கோப்பைகளில் பங்கு பெற்றவர். அங்கே இளைய கீப்பர் ஒருவர் தலையெடுத்ததும், ஃப்ளூரியைக் கட்டாயம் எடுத்துக் கொள்ளும்படி வேகாஸுக்கு மேற்கொண்டு சீர் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த நிலையில் ஆட்டம் தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, 2017 அக்டோபர் 1-ஆம் தேதி இரவு, லாஸ் வேகாஸில் திறந்த வெளிச் சங்கீதக் கச்சேரி ஒன்றின்மேல் ஒருவன் ஓட்டல் ஜன்னலிலிருந்து சுட்டான். அன்று இறந்தவர்கள் 58 பேர். பின்னால் காயங்களால் மேலும் இருவர். ஊரே இழவு வீடாயிற்று.

அக்டோபர் 10-ஆம் தேதி உள்ளூரில் முதல் ஆட்டம். சுற்றுப் பலகைகளில் விளம்பரங்களை எடுத்து விட்டார்கள். காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களையும் நர்ஸுகளையும், போலீஸ்காரர்களையும் அழைத்து ஆட்டக்காரர்கள் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். 58 வினாடி மௌனம். பிறகு டெரிக் எங்கலண்ட் என்ற ஆட்டக்காரர் ஒலிபெருக்கி முன் வந்தார். பல வருஷங்களுக்கு முன்னால் அந்த ஊரிலேயே ஒரு சின்னக் கோஷ்டியில் ஆடியவர். மனைவியைச் சந்தித்ததும் அங்கேதான். இது என் ஊர், உங்களுக்காக ஆடுவோம் என்ற அர்த்தத்தில் நாலு வார்த்தை சொன்னார். ஆட்டம் ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் ஆகுமுன் வேகாஸ் நாலு கோல் போட்டு விட்டது. அதில் ஒன்று எங்கலண்ட் போட்டது. கோலடிப்பதில் பேர் வாங்கியவர் அல்ல அவர், காவல் வரிசைக்காரர்.

ஹாக்கி இன்னதென்று தெரியாத ஊர், அன்றைக்கு அந்த வேண்டாத பிள்ளைகளை மடியில் எடுத்து வைத்துக் கொண்டது.

முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி! "ஆரம்ப சூரத்தனம்" என்றார்கள் நிபுணர்கள். ஃப்ளூரிக்குத் தலையில் அடிபட்டது. அவருக்கு அடுத்தவருக்கும் காயம். மூன்றாமவருக்கும் காயம். பள்ளிக்கூட வயசைத் தாண்டிய ஒரு பத்தொன்பது வயதுப் பையனைக்கூட ஒரு நாள் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்த வேண்டி வந்தது. "இதோ சரியப் போகிறது" என்றார்கள். சரியவில்லை. 82 ஆட்டங்களில் 51 வெற்றி. தங்கள் பிரிவில் முதல் இடம். ஆறு கோல் கார்ல்ஸன் 43 கோல் போட்டார். தங்களைத் தாங்களே 'எங்கும் பொருந்தாத தங்கங்கள்' என்று சொல்லிக் கொண்டு சிரித்தார்கள். பிளே-ஆஃபில் லாஸ் ஏஞ்சலஸ், ஸான் ஹோஸே, வின்னிபெக் எல்லாம் வரிசையாக விழுந்தன. முதல் வருஷத்திலேயே ஸ்டான்லி கோப்பை இறுதிப் பந்தயம்!

எதிரே யார்? குப்பைத் தொட்டியைத் தூக்கின அதே வாஷிங்டன். பிறந்து நாற்பத்து நாலு வருஷமாகியும் கோப்பையைக் கண்ணால் காணாத கோஷ்டி. அதைக் கட்டி வளர்த்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? பதினேழு வருஷம் அங்கே மானேஜராக இருந்து 2014-ல் வெளியே அனுப்பப்பட்ட ஜார்ஜ் மக்ஃபீ! தாம் வளர்த்த பழைய பிள்ளைகள் ஒரு பக்கம், தாம் பொறுக்கிச் சேர்த்த புதுப் பிள்ளைகள் ஒரு பக்கம். இப்படி ஒரு சங்கடம் தொடர்கதை எழுதுகிறவர்களுக்குக்கூடச் சுலபத்தில் தோன்றாது. 2018 ஜூன் 7-ல் பழைய பிள்ளைகள் ஜயித்தார்கள்.

இப்போது அசல் கேள்வி. இது நிற்குமா?

நிற்காது என்றவர்களுக்கு ஆதாரம் இருந்தது. கார்ல்ஸன் அந்த வருஷம் கோலை நோக்கி அடித்ததில் ஏறக்குறைய நாலில் ஒன்று உள்ளே போயிற்று. லீகில் சராசரியாகப் பத்தில் ஒன்றுதான் போகும். அதிர்ஷ்டம் வருஷா வருஷம் வாடகைக்கு இருக்காது. மறு வருஷம் அவர் கணக்கு 24-ஆக இறங்கியது. மேலும், எல்லோரும் தங்களை விரட்டியவர்கள்மேல் இருந்த ரோஷத்தில் ஆடினார்கள். ரோஷம் எத்தனை நாள் அடுப்பெரிக்கும்? இரண்டாம் வருஷம் ஸான் ஹோஸேயிடம் ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல் முன்னணியில் இருந்தபோது, நடுவர்கள் ஐந்து நிமிஷத் தண்டனை ஒன்று விதித்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் நாலு கோல் வாங்கி, கடைசியில் தோற்றார்கள். தண்டனை தப்பு என்று லீகே பிற்பாடு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

நிற்கும் என்றவர்கள் வேறு ஒன்றைக் கவனித்தார்கள். மக்ஃபீ சம்பாதித்தது ஆட்களை மட்டுமல்ல. வருங்காலத்தில் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளையும் கூடை கூடையாக வாங்கி வைத்திருந்தார். லீகில் எந்தக் கோஷ்டியும் சம்பளமாக ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம். வேகாஸ் பழைய கடன் இல்லாத புதுக் குடித்தனம். கையிருப்பும் இருக்கிறது, காலிப் பெட்டியும் இருக்கிறது. நல்ல சாமான் எங்கே விற்பனைக்கு வந்தாலும் வாங்கலாம்.

வாங்கினார்கள். ஆனால் பெட்டி சின்னது. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். இதற்கப்புறம் நடந்தவற்றை எழுதும்போது எனக்குப் பேனா அவ்வளவு உற்சாகமாக ஓடவில்லை.

முதலில் போனவர் பயிற்சியாளர் ஜெரார்ட் கலாண்ட். 2018-ல் லீகின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றவர். 2020 ஜனவரியில் ஒரு சிறு சறுக்கல் வந்ததும் வேலை போயிற்று. அவருக்குப் பதிலாக நியமித்தது யாரை? ஸான் ஹோஸேயின் பயிற்சியாளராக இருந்த பீட்டர் டிபோரை. முந்தின வருஷப் பந்தயத்தின்போது கோபத்தில் கலாண்ட் 'கோமாளி' என்று சொன்னாரே, அதே மனிதரை! அந்த வருஷக் கடைசியில் நேட் ஷ்மிட் போனார். ஊரில் குழந்தைகளுக்கெல்லாம் பிடித்த சிரிப்புக்காரர். பெரிய சம்பளத்தில் ஒரு பெரிய ஆட்டக்காரர் வருகிறார், இடம் வேண்டும் என்று காரணம்.

பிறகு ஃப்ளூரி. அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு கீப்பரைக் கொண்டு வந்து வைத்தார்கள். ஃப்ளூரியின் முதுகில் வாள் பாய்ந்திருப்பது போலவும், வாளில் டிபோர் பெயர் இருப்பது போலவும் ஒரு படத்தை ஃப்ளூரியின் முகவர் வெளியிட்டார், பெரிய ரகளை. ஃப்ளூரியோ வாயைத் திறக்காமல் ஆடினார். 2021-ல், முப்பத்தாறு வயதில், லீகின் தலைசிறந்த கோல் கீப்பர் என்ற விருதை வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்கினார். ஜூன் 29-ல் விருது. ஜூலை 27-ல் சிகாகோவுக்கு அனுப்பி விட்டார்கள். பதிலுக்குச் சொல்லும்படியாக எதுவும் வாங்கவில்லை. அவருடைய 70 லட்சம் டாலர் சம்பளம் பெட்டியிலிருந்து இறங்கினால் போதும் என்று இருந்தது அவர்களுக்கு.

விளைவு? அடுத்த வருஷமே முதல் தடவையாகப் பிளே-ஆஃபுக்குப் போக முடியவில்லை. "பார்த்தாயா?" என்று ஊஞ்சல் ஆடியது. நன்றி கெட்டவர்களுக்கு இது வேண்டும் என்று நானும் நினைத்திருப்பேன்.

ஆனால் அந்த வருஷம் அவர்கள் செய்த வேறொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். பஃபலோவில் ஜாக் ஐக்கல் என்று ஒரு நட்சத்திர ஆட்டக்காரர். கழுத்தெலும்பில் வில்லை நழுவி விட்டது. செயற்கை வில்லை வைத்துக் கொள்ள விரும்பினார். ஹாக்கிக்காரர் யாருக்கும் அதுவரை செய்யாத ஆபரேஷன் என்று அவருடைய கோஷ்டி அனுமதிக்கவில்லை. மாதக் கணக்கில் சும்மா கிடந்தார். 2021 நவம்பரில் வேகாஸ் அவரை வாங்கி, "உன் கழுத்து, உன் இஷ்டம்" என்று ஆபரேஷனுக்குச் சம்மதித்தது. மறுபடியும், வேறு வீட்டில் ஒதுக்கிய பிள்ளை! அவருக்காகக் கொடுத்தவர்களில் ஒருவர் முதல் வருஷத்து அலெக்ஸ் டக் என்பதையும் சேர்த்துச் சொல்லி விடுகிறேன்.

2022-ல் டிபோரும் போய், பாஸ்டனில் வேலை இழந்த புரூஸ் காஸிடி பயிற்சியாளராக வந்தார். 2022-23, ஆறாவது வருஷம். முதல் வருஷம் மாதிரியே 51 வெற்றி. முதல் வருஷம் மாதிரியே ஐந்து கோல் கீப்பர்கள் மாறி மாறி நின்றார்கள். கடைசியில் நின்று தாங்கியவர் ஏடின் ஹில் என்று, ஸான் ஹோஸேயிடமிருந்து சல்லிசாக வாங்கியவர். இறுதிப் பந்தயத்தில் எதிரே பிளாரிடா: மார்ஷெஸோவையும் ஸ்மித்தையும் கழித்துக் கட்டிய அதே பிளாரிடா!

2023 ஜூன் 13. முதல் வருஷத்துக் கூட்டத்தில் மிஞ்சியிருந்தவர்கள் ஆறே பேர்: மார்ஷெஸோ, ஸ்மித், கார்ல்ஸன், தியடோர், பிரேடன் மக்னாப், வில்லியம் காரியே. காஸிடி அன்றைக்கு ஆட்டத்தைத் துவக்க அந்தப் பழையவர்களையே இறக்கினார். ஒன்பதுக்கு மூன்று என்று வெற்றி. தலைவர் மார்க் ஸ்டோன் மூன்று கோல் போட்டார். கோப்பை கைக்கு வந்ததும் அதை முதலில் ரைலி ஸ்மித்திடம் நீட்டினார். பிறகு மற்றப் பழையவர்களுக்கு. பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரராக மார்ஷெஸோ தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறு வயதில் எந்தக் கோஷ்டியும் வரிசையில்கூட அழைக்காத ஆள் அவர். ஃபோலி சொன்ன 'ஆறு வருஷத்தில் கோப்பை' அட்சரம் பிசகாமல் பலித்தது.

அதே ஜூன் 28-ஆம் தேதி ரைலி ஸ்மித்தைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். கோப்பையை முதலில் வாங்கின கை! பதினைந்து நாள்கூட நிறைவாகப் போகவில்லை. மறு வருஷம் மார்ஷெஸோ 42 கோல் போட்டார். வயது முப்பத்து மூன்று. அவர் கேட்ட அளவுக்கு வருஷங்கள் எழுதிக் கொடுக்க வேகாஸ் தயாராக இல்லை. நாஷ்வில் போனார். காரியேயும் போனார்.

இதே விதிகளின்படி, வேகாஸைவிட அதிகமாக 65 கோடி டாலர் கட்டிக் கொண்டு 2021-ல் ஸியாட்டில் நகரக் கோஷ்டி வந்தது. இந்தத் தடவை பழைய கோஷ்டிகள் விழித்துக் கொண்டன. கூடவே வெள்ளிக் கும்பா தர யாரும் வரவில்லை. முதல் வருஷம் 27 வெற்றி, 49 தோல்வி. விதி மட்டும் போதாது என்று இதிலிருந்து தெரிகிறது.

வேகாஸ் விஷயத்தில் பாட்டி தோற்றாள் என்பதில் சந்தேகமில்லை. 2025 வரை எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பிளே-ஆஃபைத் தவற விட்டார்கள். பாலைவனத்தில் பனிக்கட்டி உருகவில்லை. ஆனால் நீடித்தது எது? சட்டையும் பெயரும் வெற்றியும். ஊர் எந்த முகங்களை நேசித்ததோ அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றித்தான் அந்த வெற்றியை நீடிக்க வைத்தார்கள். அப்படிச் செய்யாமல் எல்லோரையும் வைத்துக் கொண்டிருந்தால் கோப்பை வந்திருக்குமா? வந்திராது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஒப்புக் கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் மின்னஸோட்டா கோஷ்டி வேகாஸுக்கு ஆட வந்தது. அதில் மாற்று கோல் கீப்பராக உட்கார்ந்திருந்தவர் நாற்பது வயது ஃப்ளூரி. அந்த வருஷத்தோடு ஓய்வு என்று சொல்லி விட்டிருந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் முதல் கீப்பருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, மூன்றாம் பகுதியில் ஃப்ளூரி இறங்கினார். அதிகப்படி நேரத்தில் வேகாஸ் கோல் போட்டு ஜயித்தது. அவருடைய கடைசி லீக் ஆட்டம் அந்த ஊரில், அந்தச் சட்டைக்கு எதிராக முடிந்தது.

ரைலி ஸ்மித்தை அந்த வருஷம் மார்ச் மாதம் வேகாஸே திரும்ப வாங்கியிருந்தது. மே 10-ஆம் தேதி எட்மன்டனில் மூன்றாவது ஆட்டம். இரண்டு பக்கமும் மும்மூன்று கோல். கடிகாரத்தில் 0.4 வினாடி பாக்கி இருக்கும்போது ஸ்மித் அடித்த அடி எதிராளியின் மட்டையில் பட்டு உள்ளே போயிற்று. பழைய தோழர்கள் அவர்மேல் விழுந்து புரண்டார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் வேகாஸ் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்று, வீட்டுக்குத் திரும்பியது.